கொண்டி இறுகியிருந்தால் கதவைத் திறக்காதீர்கள்

எங்கள் மளிகைக் கடைக்கு வாரம் இருமுறை மதுரை கீழமாசி வீதியிலிருந்து சரக்கு வருகிறது. குட்டியானை என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ் வண்டியில் அரிசி, சர்க்கரை, பருப்பு மூட்டைகளும் எண்ணெய் டின்களும் கலந்தே வரும். சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, பின்கதவின் கொண்டியைத் தட்டி எடுத்த மாத்திரத்தில், அதன்மேல் சாய்ந்திருந்த 50 கிலோ சர்க்கரை மூட்டை கதவோடு சேர்ந்து சரிந்து, பல ஆண்டுகளாக எங்களுக்குச் சுமை இறக்கித் தரும் அண்ணனின் வலது காலில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. ஒன்றரை மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மழை வருவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்று அவரை அவசரப்படுத்தியவன் நான்தான்.

அன்றிலிருந்து, வண்டி வந்து நின்றதும் நான் முதலில் பார்ப்பது கொண்டியைத்தான். மதுரையில் நேராக அடுக்கி ஏற்றிய மூட்டைகள் வேகத்தடைகளிலும் பள்ளங்களிலும் குலுங்கிக் குலுங்கிப் பின்பக்கமாக நகர்ந்துவிடுகின்றன. சணல் சாக்கு ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். இப்போது வரும் பிளாஸ்டிக் சாக்குகளோ வழவழப்பானவை, எளிதில் வழுக்குகின்றன. கொண்டி கையால் தள்ளியவுடன் நகர்ந்தால் கதவின்மேல் பாரம் இல்லை என்று பொருள். அது இறுகிப்போய், சுத்தியலால் தட்டினால்தான் வரும் என்ற நிலையில் இருந்தால், உள்ளே சரக்கு கதவை அழுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது பின்கதவைத் தொடாமல், பக்கக் கதவு வழியாகவோ மேலே ஏறியோ, பின்னால் சாய்ந்திருக்கும் மேல்வரிசை மூட்டைகளை முன்பக்கம் இழுத்துப் போட்ட பிறகே கொண்டியை எடுக்க வேண்டும். எடுப்பவரும் கதவுக்கு நேர் பின்னால் நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எடுக்க வேண்டும்.

எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சற்றுச் சரிவாக இருப்பதால், கை பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, சரிவுப் பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைக்கும் வரை யாரையும் வண்டியில் ஏற விடுவதில்லை. இறக்கும்போதும் ஒரே ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே போகாமல் இருபக்கமும் மாற்றி மாற்றி எடுக்கிறோம். இல்லையென்றால் வண்டிக்கு அடியிலுள்ள வில் பட்டைகள் ஒருபுறம் எழும்பி, நிற்கும் மூட்டைகள் மறுபுறம் சரியும்.

மூட்டை கைமாறும் இடத்தில்தான் முதுகு பிடிப்பதும் தோள் பிசகுவதும் நடக்கின்றன. மேலே நிற்பவர் மூட்டையைத் தளத்தின் விளிம்புக்கு நகர்த்தி நிமிர்த்தி வைக்க, கீழே நிற்பவர் திரும்பி நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, முதுகில் அது முழுவதும் படிந்த பிறகு "விடுண்ணே" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வராமல் மேலே இருப்பவர் கையை எடுக்கக் கூடாது. எவ்வளவு நாள் ஒன்றாக வேலை செய்தவர்களாயினும் கண் ஜாடையை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் மூட்டையைத் தாங்கிக் குனிந்திருப்பவருக்கு மேலே இருப்பவரின் முகம் தெரியாது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் பாரத்துக்கு 55 கிலோ என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. ஆனால் 100 கிலோ மூட்டையை ஒருவரே முதுகில் சுமந்ததை என் தந்தையின் காலத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்ப அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பின், அந்த வரியைத் தவிர்க்க ஆலைகள் 26 கிலோ சிப்பங்களைப் போடத் தொடங்கின. பழைய பெரிய மூட்டைகளைவிட எடை குறைவு என்பது நல்லதுதான் என்றாலும், ஒரு நடையை மிச்சப்படுத்த இரண்டு சிப்பங்களைச் சேர்த்து, 52 கிலோவாகத் தூக்கும் பழக்கம் அதனோடு வந்துவிட்டது. அடுக்கு நிலையற்று ஆடுவதால், இது ஒரே 50 கிலோ மூட்டையைவிட ஆபத்தானது. நடைக்கு இவ்வளவு என்றில்லாமல் நாள் கூலியாக நான் மாற்றிய பிறகுதான் எங்கள் கடையில் அந்தப் பழக்கம் நின்றது.

அண்ணன் மார்கழியில் மீண்டும் வேலைக்கு வந்தார். இப்போது வண்டி வந்தால், அவர் பக்கவாட்டில் நின்று கொண்டியை இரு விரலால் அசைத்துப் பார்க்கிறார். அது நகராவிட்டால் என்னிடம் கேட்காமலே பக்கக் கதவைத் திறக்கிறார்.