கல்லடியிலிருந்து ஸ்காபரோவுக்கு: உளவளத்துணை படிக்க வந்தேன்

கனடாவில் கிறிஸ்தவ உளவளத்துணை (கவுன்சிலிங்) படிக்கப் போகிறேன் என்றதும் மட்டக்களப்பின் கல்லடியில் பலர் கேட்ட கேள்வி: "அதுக்கும் படிக்கணுமா புள்ள?" கேட்டதில் பிழையில்லை. மனம் உடைந்தவர்கள் போதகரிடமோ போதகரின் மனைவியிடமோ போய் அழுதுவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரோடு எங்கள் சபையார் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரிடமும் சான்றிதழ் இருக்கவில்லை.

முறையான வேலையும் மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 1996இல் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண்ணோடும் கதையோடும் பாட்டோடும் இருந்தார்கள். யாரும் அவர்களை உடனே பேச வைக்கவில்லை. அந்தப் பொறுமைதான் என்னை முதலில் இந்தப் பக்கம் இழுத்தது.

2019 உயிர்த்த ஞாயிறு அதை முடிவாக்கியது. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போன எங்களுக்கு "ஜெபிப்போம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. ஜெபம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரவில் நித்திரையில்லாமல் நடுங்கும் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் ஒருவராவது அந்த வீட்டுக்குள் போயிருக்க வேண்டும்.

சரி, வந்து சேர்ந்தேன். முதல் குளிர்காலம் பேஸ்மென்ற் அறையிலும் ஏஜென்சி கொடுத்த இரவு வேலையிலும் போனது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு முக்கியமானது வேறு. ஒன்ராறியோவில் 2015 ஏப்ரலிலிருந்து பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்தை அதற்கான ஒழுங்குமுறைச் சபையில் பதிந்தவர்கள் மட்டுமே போடலாம். முதுமாணித் தரப் படிப்பு வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். முழுப் பதிவுக்கு நேரடியாக ஆட்களோடு 450 மணித்தியாலமும் மேற்பார்வையில் 100 மணித்தியாலமும் காட்ட வேண்டும். மேற்பார்வையில்லாமல் தனியே இயங்க அது 1000, 150 என்று கூடும். ரொறன்ரோவின் ரின்டேல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இறையியலையும் உளவளத்துணையையும் சேர்த்தே படிக்கலாம். தம் விசுவாசத்தின்படி ஜெபத்தால் உதவுவதைச் சட்டம் தடுக்கவில்லை. போதகர் போதகராகவே இருக்கலாம்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் வாக்குவாதம் உண்டு. வேதம் ஒன்றே போதும், உளவியல் தேவையில்லை என்று 1970களில் அமெரிக்கப் போதகர் ஜே அடம்ஸ் வலியுறுத்திய வழி இன்னும் பலமாக இருக்கிறது. நான் இரண்டும் வேண்டும் என்பவர்கள் பக்கம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரின் விசுவாசத்தை நாம் சந்தேகிப்பதில்லையே.

ஆனால் நான் இங்கே கற்றதில் ஊருக்கு முதலில் போய்ச் சேர வேண்டியது இரகசியம் காப்பதுதான். எங்கள் சபைகளில் ஒரு துயரம் சொன்ன கையோடு ஜெபக் குறிப்பாகிவிடும். "ஒரு சகோதரிக்காக ஜெபிங்க, புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறாராம்" என்பார்கள். பெயர் சொல்லமாட்டார்கள், ஆனால் மூன்று ஒழுங்கைக்கும் ஆள் யாரென்று விளங்கிவிடும். சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். மறுகா அந்தச் சகோதரி யாரிடமும் வாய் திறப்பதில்லை. அடி மட்டும் தொடரும்.

இங்கே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: நீங்கள் சொல்வது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை போன்ற சில நிலைமைகளில் மட்டும் போகும். குறிப்புகளைப் பத்து வருடம் பாதுகாக்க வேண்டும். ஜெபிப்பதற்கும் கேட்டுத்தான் ஜெபிக்க வேண்டும். கடவுளோடு கோபமாக வருபவருக்கு அன்று ஜெபம் வேண்டாமென்றால் வேண்டாம்தான். 88ஆம் சங்கீதம் ஒரு துதி வரிகூட இல்லாமல் முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

இப்போது மேற்பார்வையின் கீழ் வேலை செய்கிறேன். வருபவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு. கிழமை நாட்களில் அவர்கள், சனிக்கிழமை இரவில் சூம் வழியாக மட்டக்களப்பின் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள். அங்கே காலை, பின்னால் காகம் கரையும். முதல் பாடமாக ஜெபக் குறிப்பைத்தான் எடுத்தேன். கூட்டத்தில் சொல்லுமுன் அந்த ஆளிடம் அனுமதி கேட்பது என்று அவர்களே முடிவெடுத்தார்கள். "போதகர் கேட்டா என்ன செய்யிற அக்கா?" என்றாள் ஒருத்தி. நான் பதில் சொல்லுமுன் இன்னொருத்தி சொன்னாள்: "அவக்கிட்ட கேட்டுட்டுத்தான் போதகருக்கும்." அடுத்த சனிக்கிழமை போதகர்களையும் அழைத்திருக்கிறோம்.