ஸ்வீட்வாட்டரிலிருந்து ஃப்ரைபர்க் வரை: ஒரு சிறு விமானப் பந்தயம்

விமானப் பந்தயம் என்றதும் பலர் ஜெட் விமானங்கள் தலைகீழாகப் பறப்பதைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். கல்லூரி அணியாக நாங்கள் மூன்று பெண்கள் ஓட்டியது செஸ்னா 172. 180 குதிரைத்திறன் எஞ்சின், நான்கு இருக்கை. உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் தரையில் டமாலென்று இறக்கிப் பழகும் அதே விமானம்தான். அதை வைத்துக்கொண்டு 2018 ஜூனில் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரிலிருந்து மெய்ன் மாநிலத்தின் ஃப்ரைபர்க் வரை பறந்தோம். 2,600 மைலுக்கு மேல். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

பந்தயத்தின் பெயர் ஏர் ரேஸ் கிளாசிக். பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். தனியார் விமானி உரிமம் கையிலிருக்கும் கல்லூரி மாணவி முதல் பேரப்பிள்ளை எடுத்த பாட்டி வரை எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கல்லூரி அணிகளுக்கென்று தனிப் பரிசும் உண்டு. அமெரிக்காவில் விமானப் படிப்புக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு முறை சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இந்த வகைப் பந்தயத்தின் வேர் 1929 ஆகஸ்டில் இருக்கிறது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ஓஹாயோவின் கிளீவ்லாந்துக்குப் பெண் விமானிகளின் முதல் நெடுந்தூரப் போட்டி நடந்தது. லூயிஸ் தேடன் வென்றார். அமீலியா இயர்ஹார்ட்டுக்குக் கனரகப் பிரிவில் மூன்றாம் இடம். மார்வெல் கிராசன் வழியிலேயே விழுந்து இறந்தார். ஒரு செய்தி நகைச்சுவையாளர் இதை 'பவுடர் பஃப் டெர்பி' என்று கிண்டலடிக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. போருக்குப் பின் 1947இலிருந்து 1977 வரை வேறொரு தொடர் பந்தயம் அதே செல்லப் பெயரோடு ஓடியது. அது நின்ற 1977இலேயே ஏர் ரேஸ் கிளாசிக் தொடங்கிவிட்டது.

சரி, விதிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்ற எதுவும் புரியாது. யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பது இங்கே பொருட்டே இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஹேண்டிகேப் என்று ஒரு வேகம் உண்டு. முழு த்ராட்டிலில், அதாவது எஞ்சினை முழு விசையில் வைத்து, அந்த விமானத்தால் எவ்வளவு ஓட முடியும் என்று முன்கூட்டியே அளந்து வைத்த எண் அது. பந்தயத்தில் உங்கள் சராசரித் தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) அந்த எண்ணைவிட எவ்வளவு கூடியது என்பதுதான் மதிப்பெண். ஹேண்டிகேப் 120 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) உள்ள விமானம் 128இல் பறந்தால் எட்டுக் கூடுதல். 160 உள்ளது 165இல் பறந்தால் ஐந்துதான். முதல் விமானம் அடுத்த நாள் வந்து சேர்ந்தாலும் அதுதான் மேலே நிற்கும். எஞ்சினிடமிருந்து அளவுக்கு மேல் எதையும் கறக்க முடியாது. கூடுதல் என்று வருவது முழுக்கக் காற்றிடமிருந்தும், காற்றுக்காகக் காத்திருக்கும் பொறுமையிடமிருந்தும்தான்.

தயாரிப்பில் பாதி, விமானத்தோடு சம்பந்தமே இல்லாத வேலை. நுழைவுக் கட்டணம், எரிபொருள், ஓட்டல், தொடக்க ஊருக்குப் பறந்து போகும் செலவு, முடிந்த ஊரிலிருந்து திரும்பும் செலவு எல்லாம் நம் தலையில். விமானத்தைக் கல்லூரி தரும். ஆனால் மணிக்கணக்குக்கு யாராவது பணம் கட்டியாக வேண்டும். பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினோம். உள்ளூர்ச் சிறு நிறுவனங்களின் படியேறி, விமானத்தில் உங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம் என்றோம். கேக் விற்றோம், விமானம் நிறுத்தும் ஹேங்கரில் பான்கேக் காலையுணவு போட்டோம். விமானம் ஓட்டுவதைவிட இதுதான் கஷ்டம்; கூச்சப்படுகிறவர்கள் அணியில் ஒரு வாயாடியைக் கண்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ரேஸுன்னா ஒருத்தர மேல ஒருத்தர் இடிச்சிக்கிற மாதிரியாடி?" என்று மட்டும் கேட்டார். இல்லைம்மா, கணக்குப் போடுகிற ரேஸ் என்றேன். அதற்குப் பிறகு அவர் கவலைப்படவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: நூறு மணி நேரப் பராமரிப்பு. பயிற்சிக்கு விடும் விமானம் நூறு மணி பறந்ததும் சோதனைக்கு உட்கார வேண்டும். பந்தயத்துக்கே இருபது மணிக்கு மேல் ஆகும். போக வர ஆகும் மணிகளையும் கூட்டினால், அந்த நூறு எங்கே போய் முடிகிறது என்று கல்லூரி மெக்கானிக்கோடு மாதங்களுக்கு முன்பே உட்கார்ந்து பேசியாக வேண்டும். நெப்ராஸ்கா நடுவில் அது முடிந்தால் பந்தயமும் அங்கேயே முடிந்தது.

பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே ஸ்வீட்வாட்டருக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும். ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். வேகத்தைக் கூட்ட விமானத்தில் ஏதாவது திருட்டு வேலை செய்திருக்கிறோமா என்று சோதிப்பார்கள். முதல்முறை வருபவர்களுக்குப் பலமுறை பறந்த மூத்த விமானி ஒருவரை வழிகாட்டியாகக் கொடுப்பார்கள். தாய்ப்பறவை என்றுதான் அவரைக் கூப்பிடுவது. எங்களுக்கு வாய்த்தவர் முதல் சந்திப்பிலேயே நோட்டுப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு பேரும் ஒத்துப்போகலன்னா யார் சொல்றது செல்லும்?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று இரவே அதை முடிவு செய்தோம். கிளம்புவதா வேண்டாமா என்பதில் மூவரில் ஒருத்தி வேண்டாம் என்றாலும் கிளம்புவதில்லை. எந்த உயரத்தில் பறப்பது என்பதில் மட்டும் கேப்டன் சொல்வதுதான் இறுதி.

ஸ்வீட்வாட்டர் அவெஞ்சர் ஃபீல்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போரில் வாஸ்ப் என்ற பெண் விமானிகள் பயிற்சி பெற்ற இடம் அது. வாஸ்ப்பில் மொத்தம் 1,074 பேர் தேறினார்கள், 38 பேர் பணியில் இறந்தார்கள். அவர்களை ராணுவத்தினராக அரசு ஏற்றுக்கொண்டது 1977இல்தான். அருங்காட்சியகம் ரன்வேக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல்முறை தனியாகப் பறந்து வந்த பெண்ணைத் தோழிகள் தூக்கிப் போடும் வட்டத் தொட்டி ஒன்று அந்தக் காலத்தில் பெயர் போனது. அந்த வெயிலில் எங்களுக்கும் அதில் குதிக்கத் தோன்றியது. கடல்மட்டத்திலிருந்து 2,380 அடி உயரம், பிற்பகலில் 38 டிகிரி வந்தால் காற்று மெலிந்துபோய், விமானம் 5,700 அடியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு மூச்சிரைக்கும். மூன்று பேரும் பைகளுமாக ஏறும் செஸ்னாவுக்கு அது விளையாட்டு இல்லை. ஆளுக்கு ஒரு சிறு பை, அதிலும் எடை பார்த்து, என்று வைத்துக்கொண்டோம். ஹேர் டிரையர் கொண்டுவந்தவள் யாரென்று இங்கே சொல்ல மாட்டேன்.

தொடக்க நாள் காலை எட்டு மணி. முப்பது நொடிக்கு ஒன்றாக விமானங்கள் ஏறின. வானொலியில் எங்கள் பெயர் 'கிளாசிக்', கூடவே பந்தய எண். சுற்றிலும் காற்றாலைகள், ஆரல்வாய்மொழி பக்கம் போனவர்களுக்குப் பழகிய காட்சி. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சிதறிப் போனோம். ஆளாளுக்கு ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். யாருடைய கணக்கு சரி என்று அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

வழியைப் பல கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 மைல். கட்டத்தின் முடிவில் ஃப்ளை-பை. விமான நிலையத்தில் ஒரு கோடு குறித்து, நேரம் பார்ப்பவர்கள் கீழே நிற்பார்கள். சில மைலுக்கு முன்பே வானொலியில் அறிவித்துவிட்டு, முழு த்ராட்டிலில், தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் அந்தக் கோட்டைக் கடக்க வேண்டும். கடந்ததும் கடிகாரம் நிற்கும். பிறகு மெதுவாகச் சுற்றி வந்து இறங்கிக்கொள்ளலாம். தரையில் இருக்கும் நேரம் கணக்கில் இல்லை. கேட்க எளிது. ஆனால் இறக்கத்தை எங்கே தொடங்குவது என்பதில்தான் ஒன்றிரண்டு நாட் ஒளிந்திருக்கிறது. உயரத்தை இழந்து, அதையே வேகமாக்கிக்கொண்டு கோட்டுக்கு வர வேண்டும். சீக்கிரம் இறங்கினால் கீழே பின்காற்றில்லாத இடத்தில் மைல்கணக்கில் ஊர்வீர்கள். தாமதமாக இறங்கினால் வேகமானியின் முள், தாண்டவே கூடாத சிவப்புக் கோட்டைத் தொடப் பார்க்கும். இதற்கு நடுவே நம்மைவிட வேகமான விமானம் ஒன்று பின்னாலிருந்து அதே கோட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கேப்டன் ஓட்டுவாள். நான் வானொலியும் காற்றுக் கணக்கும். பின்னிருக்கையில் இருந்தவள் கழுத்து வலிக்க மற்ற விமானங்களைத் தேடுவாள்.

காற்றுக்கு வருகிறேன். கோடையில் அமெரிக்க நடுச் சமவெளியில் பெரும்பாலும் தெற்குக் காற்று. இரவில் தரைக்கு இரண்டு மூவாயிரம் அடிக்குள் அது ஆறு போலப் பாயும்; சூரியன் ஏறித் தரை சூடானதும் கலைந்துபோகும். டெக்சாஸிலிருந்து ஓக்லஹோமாவின் ஆல்வா, நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ், மினசோட்டாவின் ஃபாரிபோ என்று வடக்கே போகும் கட்டங்களில் விடியலில் கிளம்பினால் அது நமக்கு இலவசம். ஆனால் ஃபாரிபோவிலிருந்து இல்லினாய்ஸின் கேல்ஸ்பர்குக்கு வழி தென்கிழக்கே திரும்புகிறது. அதே காற்று இப்போது மூக்கில் அடிக்கும். வழியைப் போட்டவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, அந்த ஒரு திருப்பம்தான் அணிகளைப் பிரித்தது. எதிர்காற்றென்றால், அது பலம் குறைந்திருக்கும் தாழ்வில் பறக்க வேண்டும். தாழ என்றால் நண்பகல் வெப்பத்தில் ஒவ்வொரு உழுத வயலும் விமானத்தைத் தூக்கிப் போடும். எலுமிச்சம்பழம் மோந்தால் குமட்டல் நிற்கும் என்பது நம் ஊர்ப் பேருந்துப் பயணம் சொல்லிக்கொடுத்த வைத்தியம். காக்பிட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. மற்ற இருவரும் கேட்டு வாங்கி மோந்தார்கள்.

பியாட்ரிஸில் மாட்டிக்கொண்டோம். விதிப்படி பகலில், கண்ணால் தரையைப் பார்த்துத்தான் பறக்க வேண்டும். மேகத்துக்குள் நுழையக் கூடாது. வடக்கே இடிமழை வரிசை கட்டி நின்றது. அது விலகினாலும் கீழே தாழ்ந்த மேகம் கிடந்தது. ஒரு பெரிய அறையில் பல அணிகளும் ஒரே ராடார் படத்தை ஆளுக்கொரு திரையில் முறைத்துக்கொண்டிருந்தோம். அந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த கேசரோலும் 'பை' என்ற பலகாரமும் தீரத் தீர வந்துகொண்டிருந்தன. அடிக்கடி யாராவது ஓர் அணி எழுந்து விமானத்தை நோக்கி நடக்கும். உடனே அறை முழுக்க ஒரு பரபரப்பு. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லையோ என்ற அந்தச் சந்தேகம்தான் இந்தப் பந்தயத்தின் உண்மையான எதிராளி. எங்கள் பின்னிருக்கைக்காரி, "வேண்டாம். எனக்குச் சரியாகப் படல" என்றாள். காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எழுந்து போன அணிகளில் ஒன்று கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்து இறங்கியது. இன்னொன்று போய்ச் சேர்ந்துவிட்டது, நல்ல வேகத்தில். இரண்டுமே அவரவர் தகுதிக்கும் விமானத்துக்கும் ஏற்ற முடிவுதான்.

காத்திருந்ததற்குப் பிறகு கெடு நெருக்கியது. கேல்ஸ்பர்கில் எரிபொருள் போட்டுக்கொண்டு உடனே கிளம்பினோம். பழைய ஸ்டியர்மன் இரட்டை இறக்கை விமானங்கள் ஆண்டுதோறும் கூடும் ஊர் அது. சுற்றிப் பார்க்க நேரமில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம். இண்டியானா, ஓஹாயோ வேகமாகக் கழிந்தன. நியூயார்க் மாநிலத்தின் பென் யானை நெருங்கும்போது கியூகா ஏரி தெரிந்தது. ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் கிடப்பதால் வரைபடமே தேவையில்லை.

கடைசிக் கட்டம்தான் அழகு, கடைசிக் கட்டம்தான் பயம். தட்டையான நிலத்தில் பழகிய எங்களுக்கு வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகள் புதிது. காற்று மேற்கிலிருந்து வந்தால் பின்காற்று. ஆனால் மலைமுகட்டைத் தாண்டிய பக்கத்தில் அதே காற்று கீழே அழுத்தும். 6,288 அடி வாஷிங்டன் மலைக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளியே போனோம். ஃப்ரைபர்க் 450 அடி உயரத்தில் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மலையைத் தாண்டிய பிறகுதான் இறங்கவே தொடங்க முடியும். எங்கள் இறக்கக் கணக்கெல்லாம் அங்கே செல்லவில்லை. கேப்டன் கண்பார்வையிலேயே கொண்டுபோய்க் கோட்டைக் கடந்தாள்.

முடிவு விருந்தில்தான் தெரியும். அதுவரை யாரைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார்கள். எங்களுக்குக் கல்லூரிப் பிரிவில் நடு இடம். மதிப்பெண் பட்டியலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்ததில் எங்கள் கூடுதல் பெரும்பாலும் வடக்கே போன கட்டங்களில் வந்திருந்தது. தென்கிழக்குத் திருப்பம் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னறிவிப்பு என்ன சொன்னது, உண்மையில் காற்று என்னவாக இருந்தது, எந்த உயரத்தில் பறந்தோம் என்று எழுதி வைத்த கோப்பை அடுத்த அணிக்குக் கொடுத்தோம். கல்லூரி அணிகளுக்கு இது ஒரு பெரிய பலம். மாணவிகள் மாறுவார்கள், கோப்பு வளரும்.

அப்புறம் விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமே. திங்கட்கிழமை காலை யாரோ ஒரு மாணவனுக்கு அதில் வகுப்பு போட்டிருந்தார்கள். வழி முழுக்க மேற்கு நோக்கி, அதே காற்று இப்போது முகத்தில். த்ராட்டிலைக் குறைத்து, சிக்கனமாக, முறைபோட்டு ஓட்டினோம். ஹேங்கரில் நிறுத்தியபோது நூறு மணிச் சோதனைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மெக்கானிக் முதலில் அந்த எண்ணைத்தான் பார்த்தார், பிறகுதான் எத்தனையாவது இடம் என்று கேட்டார்.