அத்தைக்கு என்ன நோய்?

சினைப்பைப் புற்றுநோய் என்று உறுதியாகி எங்கள் பிரிவுக்கு வரும் பெண்கள் எல்லோரிடமும் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசிவிடுவோம். சொந்தத்தில் வேறு யாருக்காவது வந்ததா என்று பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. மார்பகப் புற்றுநோயில் மட்டும் சில கணக்குகள் உண்டு: சிறு வயதிலேயே வந்தவர்கள், இரண்டு பக்கமும் வந்தவர்கள், பயாப்ஸியில், செல்லுக்கு வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் மூன்று ரிசெப்டாரும் நெகட்டிவ் என்று வந்தவர்கள். இவர்களை டாக்டர் என்னிடம் அனுப்புவார். சேலத்தில் கீமோ வார்டில் டிரிப் போட்டுக்கொண்டிருந்த செவிலியர் நான். இப்போது என் வேலையில் பாதி, குடும்ப வரைபடம் போடுவது. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்தவர் மேல் ஒரு குறுக்குக்கோடு, புற்றுநோய் வந்தவர் என்றால் உள்ளே கருப்பு.

அந்தக் கருப்பை நிரப்புவதுதான் கஷ்டம். யாரும் நோயின் பெயரைச் சொல்வதில்லை. "அம்மா எப்படிம்மா தவறினாங்க?" என்று கேட்டால், "வயித்துல நீர் கோத்துக்குச்சுங்க" என்பார்கள். காமாலை என்று சொல்லி நாட்டு மருந்து கொடுத்திருப்பார்கள். நான் விடமாட்டேன். என்ன வயசு? நீர் எடுத்தாங்களா? பெரியாஸ்பத்திரிக்குப் போனீங்களா? கடைசியாக ஒரு கேள்வி: "தலைமுடி கொட்டுச்சா?" அதற்குப் பதில் சட்டென்று வரும். "மொட்டையாவே ஆயிட்டாங்க சிஸ்டர்." கீமோ கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். எத்தனையோ வட்டங்கள் அந்த ஒரு கேள்வியால் கருப்பாகியிருக்கின்றன.

அடுத்தது அப்பா வழி. பெண்களுக்கு வரும் நோய், அம்மா வழியாகத்தான் வரும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களில் உள்ள பழுது. அது அப்பாவிடமிருந்தும் அதே அளவுக்கு வரலாம். ஆணோ பெண்ணோ, பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா எழுபது வயதில் திடமாக நடந்துகொண்டிருப்பார், ஆனால் பழுது அவரிடம் இருக்கும்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரக் குடும்பம் வந்தது. நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குச் சினைப்பையில் நோய். அம்மா வழியில் துருவித் துருவிக் கேட்டும் ஒன்றும் இல்லை. அப்பா வழியிலும் "யாருக்கும் இல்லீங்க" என்றார். துணைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமியார் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். மருமகள் ரத்தம் கொடுக்க உள்ளே போனதும் எழுந்து வந்தார். "கண்ணு, எங்க பெரியக்காவுக்கு மார்ல கட்டி வந்து ஒரு பக்கம் எடுத்தாங்க. ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நின்னுச்சுங்க. அதான் யாருகிட்டயும் சொல்லல." எங்க பெரியக்கா என்றால் இந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் அக்காதான். இந்தப் பெண் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. என் தாளில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன. நோய் வந்த மனைவிக்கு மட்டுமில்லை, கணவருக்கும் அதே பழுது இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கு இரண்டு மகள்கள்.

முன்பெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள வைப்பது மிகவும் சிரமம். "தெரிஞ்சு என்னங்க பண்றது? இருக்கிற பயம் போதாதா?" என்பார்கள். நோய் வந்துவிட்ட பெண்ணுக்கு அப்போது எங்களிடமும் நல்ல பதில் இல்லை. பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே கீமோதான். 1990-இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் மேரி கிளேர் கிங், பி.ஆர்.சி.ஏ.1 பதினேழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டே இரண்டாவதையும். ஆனால் அந்தப் பழுதையே பிடித்துக்கொண்டு வேலை செய்யும் முதல் மாத்திரை ஒலாபரிப். சினைப்பைப் புற்றுநோய்க்கு அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2014 டிசம்பரில்தான். மார்பகப் புற்றுநோய்க்கு 2018-இல். இன்று "தெரிஞ்சு என்ன பண்றது" என்று கேட்பவருக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இந்த வேலையில் நான் கண்ட பெரிய மாற்றம் அதுதான்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று ஏற்காட்டு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டும் ஒருவர் கேட்டார். அவர் மனைவிக்குத்தான் நோய். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை தினமும் எங்காவது அறுபடும். உடனுக்குடன் சரிசெய்ய வழிகள் உண்டு. பி.ஆர்.சி.ஏ. ஒரு வழி, பார்ப் என்ற நொதி இன்னொரு வழி. "மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா வண்டியெல்லாம் எப்படிங்க போகும்?" என்று அவரையே கேட்டேன். "குப்பனூர் வழியா விடுவாங்க." "உங்க வீட்டம்மாவோட கேன்சர் செல்லுல மலைப்பாதை ஏற்கெனவே போயிடுச்சு. குப்பனூர் ரோட்டை வெச்சுத்தான் பிழைச்சிட்டிருக்கு. இந்த மாத்திரை குப்பனூர் ரோட்டை அடைச்சிடும்." அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நல்ல செல்லு?" மிகச் சரியான கேள்வி. நல்ல செல்லில் அம்மா கொடுத்தது, அப்பா கொடுத்தது என்று அந்த மரபணு இரண்டு இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும், அங்கே மலைப்பாதை திறந்திருக்கிறது. புற்றுநோய்ச் செல்லில்தான் இரண்டுமே போய்விட்டன. அங்கே மாத்திரை இன்னொரு வழியையும் அடைத்தால் செல் செத்துவிடும். 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகச் சோதனைக்கூடத்தில் காட்டியது இதைத்தான்.

எப்போதும் அப்படியே இருந்துவிடாது என்பதையும் சொன்னேன். சில செல்கள் மறுபடி ஒரு மாற்றம் ஏற்பட்டு, போன மலைப்பாதையைச் சரிசெய்துகொள்ளும். பிறகு மாத்திரை கேட்காது. இதை மறைத்து நம்பிக்கை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உண்மையான நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள, முற்றிய சினைப்பைப் புற்றுநோய்க்கு முதல் கீமோ நன்றாகக் கேட்ட பெண்களுக்கு இரண்டு ஆண்டு வரை ஒலாபரிப் கொடுத்துப் பார்த்த சோலோ-1 ஆய்வில், ஏழு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 67 சதவீதம். மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 46.5 சதவீதம். வார்டில் இந்த நோயை முன்பிருந்தே பார்த்து வந்தவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

வீட்டிலேயே சாப்பிடும் மருந்து என்பதால் லேசானது என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கமான அளவு, 150 மில்லிகிராம் மாத்திரை காலை இரண்டு, இரவு இரண்டு. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடக்கூடாது. குமட்டல், அசதி பெரும்பாலும் போகப்போகக் குறையும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது ஹீமோகுளோபினைத்தான். முதல் ஓராண்டு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை கட்டாயம். நம் பெண்கள் பலர் தொடங்கும்போதே ரத்தசோகையோடு வருகிறார்கள். எட்டுக்குக் கீழே இறங்கினால் மாத்திரையை நிறுத்தி வைத்து, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றி, ஏறிய பிறகு அளவைக் குறைத்துத் தொடங்குவோம். "முருங்கைக்கீரை தினமும் சாப்பிடறேன் சிஸ்டர், அப்பவும் ஏறல" என்று அழுத அம்மா உண்டு. கீரை நல்லதுதான், சாப்பிடட்டும். ஆனால் இந்த இறக்கம் இரும்புச்சத்துக் குறைவால் வருவதில்லை, எலும்பு மஜ்ஜையின் மேல் மருந்து வேலை செய்வதால் வருவது. அவர் சமையலில் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அழுகையை நிறுத்தினார்.

மலையிலிருந்து வருபவர்களிடம் வீட்டில் பம்பளிமாஸ் மரம் இருக்கிறதா என்று கேட்பேன். இந்த மருந்தோடு கிரேப்ஃப்ரூட் கூடாது. மருந்தை உடைக்கும் நொதியை அது தடுத்துவிடும், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய சொந்தம், அதையும் தவிர்க்கச் சொல்கிறோம். கமலா ஆரஞ்சு சாப்பிடலாம். வேறு டாக்டர் எழுதிக்கொடுத்த படர்தாமரை மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் அட்டையோடு கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும். பழுது உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்களைத் தவிர மூன்றாவதாக ஒன்று வரும்: மாற்றம் இருக்கிறது, அதன் பொருள் இன்னும் தெளிவாகவில்லை. உலகத்தில் சேர்ந்திருக்கும் தகவலில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது என்பதால் நம்மவர்களுக்கு இப்படி வருவது கூடுதல். இதை வைத்து மாத்திரை தொடங்குவதும் சினைப்பையை எடுப்பதும் தவறு. சினைப்பையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சும் பெண்களிடம் அதைச் சொல்வது, பழுது இருக்கிறது என்று சொல்வதை விடவும் கடினம்.

கல்யாணப் பேச்சு இந்த அறைக்குள் வராத வாரமே இல்லை. "பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சு. இப்ப வேண்டாங்க" என்பார்கள். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். நாங்களாக மகளைக் கூப்பிட்டுச் சொல்வதும் இல்லை. ஆனால் என் எண்ணத்தைச் சொல்லிவிடுவேன். பழுது என்பது நோயாகாது. பி.ஆர்.சி.ஏ.1 பழுது இருந்தால் முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள், பிள்ளை பெற்று முடித்த பிறகு, சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடலாம். இருபத்தைந்திலிருந்து ஆண்டுதோறும் மார்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எப்போது கல்யாணம், எப்போது குழந்தை என்று திட்டமிட வேண்டியவளிடம்தான் இதை மறைக்கிறோம். பதினெட்டு வயது ஆன பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

பணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக் வந்த பிறகு மாத்திரை விலை இறங்கியிருக்கிறது. இருந்தும் மாதாமாதம் வாங்குவது கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் வேலை பார்க்கும் வீட்டுக்குச் சுமைதான். முதல் பரிசோதனையும் அப்படியே. குடும்பத்தில் ஒருவருக்குப் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு குறையும். இதைத் தெரியாமலே பலர் பின்வாங்குகிறார்கள்.

அம்மாபேட்டைப் பெண்ணுக்கு பி.ஆர்.சி.ஏ.1 பழுது உறுதியானது. கீமோ முடிந்து ஒலாபரிப் தொடங்கி நன்றாக இருக்கிறார். மாமியார் தானாகவே வந்து ரத்தம் கொடுத்தார், அவருக்கும் இருக்கிறது. சினைப்பையை எடுக்க நாள் குறித்தாகிவிட்டது. பெரியக்காவின் மகள்களுக்கும் அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டார். கணவர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குங்க இது?" என்கிறார். அவருக்குப் புரோஸ்டேட், மார்பு இரண்டிலும் ஆபத்து கூடுமா என்பது ஒரு பக்கம்; மகள்களுக்கு அம்மாவிடமிருந்து மட்டும்தானா, அவரிடமிருந்துமா என்பது இன்னொரு பக்கம். மனைவியை மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு வண்டியில் கூட்டிவருவது அவர்தான். அடுத்த முறையும் கேட்பேன்.