பாக்கூர் மலையிலிருந்து நாசரேத்துக்கு

ஜார்க்கண்டில், லிட்டிபாடாவிலிருந்து பாக்கூர் ரயில் நிலையத்துக்கு வருகிற சாலையில் எதிரே வருவதெல்லாம் கல் லாரிதான். ராஜமகால் மலையின் கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கி வங்காளத்துக்கும் பீகாருக்கும் அனுப்புகிறார்கள். ஷேர் ஆட்டோவில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தும், இறங்கும்போது கண்ணிமை வரைக்கும் சாம்பல் நிறத் தூசி. ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவி, பெட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஹவுரா வண்டிக்குக் காத்திருந்தேன். ஒரு துணிப்பெட்டி, ஒரு புத்தகப் பை, அப்புறம் கிழவி ஒருத்தி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கட்டிக் கொடுத்த பர்பட்டி மூட்டை. பர்பட்டி என்றால் நம்ம ஊர் தட்டைப்பயறுதான். மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்து, சோளத்தோடு சேர்த்து விதைக்கிறார்கள்.

நான் நர்ஸ். நம் பக்கத்து மிஷனெரி அமைப்பு ஒன்றின் மூலமாகப் பாக்கூர் மாவட்டத்துப் பஹாடியா பழங்குடிக் கிராமங்களில் சில வருஷம் வேலை பார்த்தேன். பணிக்காலம் முடிந்தது. ஊருக்குப் போய் இரு, ஜெபம் பண்ணு, திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசித்துச் சொல் என்று அனுப்பி வைத்தார்கள்.

பாக்கூர் தாண்டினால் ராம்பூர்ஹாட், அப்புறம் போல்பூர். போல்பூர் பக்கம் ஒற்றைத் தந்தி ஏக்தாராவோடு பாவுல் என்கிற வங்க நாட்டுப்பாடகர் யாராவது ஏறிவிடுவார். காரப்பொரி விற்கிற ஜால்முடிக்காரர் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டு டப்பாவில் குலுக்குகிற வாசம் பெட்டி முழுக்க அடிக்கும். ஹவுராவிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை நேரடி வண்டி உண்டு. எனக்கு நெல்லை வரை அதில்தான் டிக்கெட்.

தெற்கே போகிற வண்டிகள் நிற்கும் பிளாட்பாரத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு கூட்டம் இருக்கும். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாட்டி, மாமா, குழந்தை என்று மொத்தக் குடும்பமும் வேலூருக்கு வைத்தியத்துக்குக் கிளம்பியிருக்கும். என்னைத் தமிழச்சி என்று தெரிந்துகொண்ட ஒரு அம்மா, சி.எம்.சி.யில் எந்தக் கவுண்டரில் சீட்டு போட வேண்டும் என்று கேட்டார். எனக்கு வேலூர் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி பெர்த்தில் படுத்துக்கொண்டு ஐடா ஸ்கடரைப் பற்றித்தான் யோசித்தேன். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர். தான் ஒருத்தியே எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும் என்ற கணக்கு அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டிருக்க வேண்டும். 1909இல் நர்சுகளுக்குப் பயிற்சி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு என்று போனார். இன்றைக்கு வங்காளத்துக் குடும்பம் நம்பி ரயிலேறுவது, அவர் சொல்லிக்கொடுத்தவர்களும், அவர்கள் சொல்லிக்கொடுத்தவர்களும் அங்கே இருப்பதால்தானே.

மலையில் என் வேலை பெரும்பாலும் காலா அசார்தான். மணல் ஈ கடித்து வருகிற காய்ச்சல். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகை ஈரத்திலும் அந்த ஈ இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், வயிற்றில் இடது பக்கம் கை வைத்தால் மண்ணீரல் கல்லாகத் தட்டுப்படும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பரிசோதனைப் பட்டையில் விட்டால் சில நிமிஷத்தில் கோடு தெரிந்துவிடும். மருந்தும் முன்பு போல் வாரக்கணக்கில் ஊசி கிடையாது. ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் ஒரே டோஸ் ஏற்றி அனுப்பலாம். கஷ்டமெல்லாம் அந்த மனுஷரைக் குன்றின் உச்சியிலிருந்து ஆஸ்பத்திரி வரை கொண்டுவருவதில்தான். சந்தால் மக்கள் ஊர் கீழே சமவெளியில் இருக்கும். பஹாடியா ஊர்கள் மேலே. குடிக்கிற தண்ணீரையே ஊற்றிலிருந்து தலைச்சுமையாக ஏற்ற வேண்டிய இடத்தில், காய்ச்சல்காரரைக் கட்டிலோடு நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும்.

2022 முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற இலக்கை எட்டாமல் நாட்டிலேயே பாக்கி நின்ற ஒரே வட்டாரம் லிட்டிபாடா. 2023இல் அதுவும் எட்டியது. அதில் எங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வீடாகப் போனது சஹியாக்கள். இங்கே ஆஷா என்கிறோமே, அவர்களுக்கு ஜார்க்கண்டில் அந்தப் பெயர். மணல் ஈக்கு மருந்தடிக்கிறவன் வரும்போது எந்த வீட்டுக்காரர் சட்டி பானையை வெளியே எடுத்து வைக்காமல் மல்லுக்கட்டுவார், எந்த வீட்டு மருமகள் காய்ச்சலை மறைப்பாள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கடைசி வருஷத்தில், மலை மேல் இருக்கிற பஹாடியா ஊர்ப் பெண் ஒருத்தி ஏ.என்.எம். என்கிற துணை நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு துணை சுகாதார மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு, நான் ஸ்டெதாஸ்கோப்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் கிழவிகள் "தீதி (அக்கா), நலமா?" என்று என்னை விசாரித்துவிட்டு நேரே அவளிடம் போய்விடுவார்கள். அங்கே பேசுகிற மால்தோ மொழியும் திராவிட மொழிதான், ஆனால் அதனால் எனக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. நான் பேசினால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவள் வயிற்றுவலியை எத்தனை வகையாகக் கேட்டு வாங்குவாள் தெரியுமா!

நெல்லையில் இறங்கி திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்தேன். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, வாழைத்தோட்டம், அப்புறம் எங்கள் ஊர் நாசரேத். அம்மா ஆட்டோவோடு நின்றாள். "ஏட்டி, கறுத்துப் போயிட்டியே" என்றதோடு விசாரிப்பு முடிந்தது. மறுநாள் பர்பட்டியை ஊறப்போட்டு, கத்தரிக்காய் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்தாள். "வேக நேரம் ஆகுது, ஆனா ருசி இருக்கு" என்று தீர்ப்பு. ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. பயற்றில் கல் பொறுக்கத் தடுமாறியதைப் பார்த்துதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். மிஷனெரி ஊருக்கு வந்தால் இது வழக்கம். பிடி அரிசி எடுத்து வைத்தும், பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்தும் எங்களைத் தாங்குகிறவர்கள் இவர்கள். கேட்க உரிமை உண்டு. ஆனால் கேட்கிற கேள்விதான். புலி உண்டா? எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்? போட்டோ காட்டு. 2017இல் ஜார்க்கண்டில் வந்த மதமாற்றத் தடைச் சட்டத்துக்குப் பிறகு, ஆசை காட்டி மாற்றியதாக நிரூபணமானால் மூன்று வருஷம் வரை சிறை, மாற்றப்பட்டவர் பழங்குடியினர் என்றால் நாலு வருஷம் வரை. இங்கே திரையில் போடுகிற ஒரு படமும் எண்ணிக்கையும் அங்கே ஒரு உபதேசியார் வீட்டுக் கதவைத் தட்ட வைக்கும். அதனால் நான் படம் காட்டவில்லை. காலா அசார் பற்றியும் சஹியாக்கள் பற்றியும் பேசினேன். கூட்டம் கொஞ்சம் ஏமாந்துதான் போனது. வாசலில் பெரியம்மா ஒருத்தர் காணிக்கைக் கவரைக் கையில் திணித்துவிட்டு, "எல்லாம் சரி, கல்யாணம் எப்ப?" என்றார்.

நம் பக்கத்துச் சபைகளுக்கு அசரியா மேல் பெருமை அதிகம். வெள்ளாளன்விளைக்காரர், 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1912இல் தோர்ணக்கல் பேராயர். ஆனால் 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று அவர் கேட்டதை மேடையில் சொல்லும்போது, அன்றைய வெள்ளைக்காரர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோமா என்பது எனக்குச் சந்தேகம். பஹாடியாக்களுக்கு நாம்தானே வெளியூர்க்காரர், படித்தவர், பணம் கொண்டுவருகிறவர். அவர்கள் பெண் வேலைக்கு வந்த பிறகும் நான் அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அது நட்பில்லை, இடத்தைப் பிடித்துவைப்பது.

ஊரில் இருந்த மூன்று மாதத்தில் எனக்கு வழி சொல்லாதவர்கள் குறைவு. சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ், ஓ.இ.டி. என்கிற ஆங்கிலப் பரீட்சை எழுது, மீதியை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்றாள். (எங்கள் ஊருக்கு இங்கிலாந்தின் எல்லா ஊரும் லண்டன்தான். அவள் இருப்பது லண்டனிலிருந்து ரொம்ப தூரம்.) மாமா எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசாங்க வேலைக்குப் போகச் சொன்னார். எங்கள் சபைப் பாதிரியாரான சேகர குரு "தேவசித்தம் அறிந்து செய்யம்மா" என்றார். அதை எப்படி அறிவது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "கதவு திறக்கிற பக்கம் பாரு, ஆனா திறந்த கதவெல்லாம் உனக்கில்ல" என்றார். லண்டன் கதவு அகலமாகத்தான் திறந்திருந்தது. சம்பளத்தைக் கேட்டபோது ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

கடைசியில் அந்த ஏ.என்.எம். பெண்ணோடு போனில் பேசியதுதான் முடிவைச் சுலபமாக்கியது. அவள் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாளாம். நர்சிங் சேர ஆசை, ஆனால் புத்தகம் எல்லாம் ஆங்கிலம், ஹாஸ்டலில் மலைப்பிள்ளைகள் முதல் வருஷமே பயந்து ஓடிவிடுகிறார்கள் என்றாள். "நீங்க அங்க இருந்தா ஓட மாட்டா" என்றாள்.

சமவெளியில் சந்தால், பஹாடியா பெண்களைச் சேர்க்கிற மிஷன் நர்சிங் பள்ளி ஒன்று இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து அனுபவமும் இருப்பதால் டியூட்டர் வேலைக்கு விண்ணப்பித்தேன், வரச் சொல்லிவிட்டார்கள். மலைக்கு இனி விருந்தாளியாகத்தான் போவேன். சம்பளத்தைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லண்டன் போனாலும் வருஷத்துக்கு ஒருக்காதான் வருவ. இதுன்னா ரயிலு. விசா வேண்டாம்" என்றாள்.

முதலில் அவள் கண் ஆபரேஷன், பிறகு சொட்டு மருந்து விடுகிற வாரங்கள். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும், வாரத்துக்கு ஒரே வண்டி. திறக்கிற அன்று காலை எட்டு மணிக்குப் போனோடு உட்கார வேண்டும். இந்த முறை இரண்டு டிக்கெட். ஹாஸ்டலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.