படத்துக்கு முன்னால் சுவர்

தெருவில் ஒரு சுவரோவியத்தைப் பார்த்தால் முதலில் அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்பளித்து, வெள்ளை மாவு தூவியதுபோல உப்புப் பூத்திருக்கிறதா? வரைந்தவர் எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் சுவரைப் படிக்காமல் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். ஓவிய மாணவர்கள் உடற்கூறு படிக்கிறோம், வண்ணச் சக்கரம் படிக்கிறோம். ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கொத்தனாரிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். நீர் ஆவியாகிற இடத்தில் உப்பு படிகமாகத் தங்கும். அந்த இடத்தை அக்ரிலிக் பெயின்ட்டால் மூடிவிட்டால் படிகம் படலத்துக்குப் பின்னால் வளர்ந்து பெயின்ட்டைப் பிதுக்கித் தள்ளும். இதைச் சோதிக்கச் செலவே இல்லை. 45 செ.மீ. சதுரமுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை. மேலே ‘வாட்டர்ப்ரூஃப்’ அடித்தால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள். தண்ணீர் போகாது, வேறு இடத்தில் வெளியே வரும். கசியும் குழாயையும் அடைத்த வடிகாலையும் சரிசெய்துவிட்டுக் காய விடுவதுதான் வழி. அதுவும் முடியாதென்றால் கீழே ஒரு பட்டையை ஓவியத்துக்கு வெளியே விட்டுவிடலாம். எப்படியும் சேறு தெறிக்கிற இடம் அது.

புதுச் சிமென்ட் பூச்சுக்கு வேறு சிக்கல். அதன் காரத்தன்மை பி.எச். 12, 13 வரை இருக்கும். எண்ணெய் சார்ந்த எனாமலை அது சோப்பாக மாற்றிவிடும். பெயின்ட் பிசுபிசுத்து உரியும். பிரஷ்யன் நீலம் காரத்தில் பழுப்பாகிவிடும். 28 நாள் பொறுத்து, காரம் தாங்கும் ப்ரைமர் அடித்துவிட்டுத்தான் வண்ணத்தைத் தொட வேண்டும். பழைய சுவர் என்றால் உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டியே ஆக வேண்டும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அது சுவரில் ஒட்டவில்லை, தூசியில்தான் ஒட்டியிருக்கிறது.

இதில் பெரியவர்களும் தப்பவில்லை. ஈரச் சுண்ணாம்பில் வரையும் ஃப்ரெஸ்கோ முறையில் அன்றன்று பூசிய பூச்சு இறுகுவதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். நின்று நிதானமாக, திருத்தித் திருத்தி வரைய விரும்பிய லியனார்டோ, மிலானில் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தை உலர்ந்த பூச்சின் மேல் வரைந்தார். 1498 வாக்கில் முடிந்த அந்த ஓவியம் அவர் உயிரோடு இருக்கும்போதே சிதையத் தொடங்கிவிட்டது.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 18 சதுர மீட்டர். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ப்ரைமர் 8 முதல் 10 சதுர மீட்டர் வரை வரும். சொரசொரப்பான சுவரில் 5, 6-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அப்படிப்பட்ட சுவருக்கு இரண்டு கோட்டுக்கு 6, 7 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தைத் தண்ணீர் ஊற்றி நீட்டுவது பெரிய தப்பு. பிசின் நீர்த்துப்போனால் நிறமித் துகளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, சில மழையில் மாவாக உதிரும். மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் அக்ரிலிக் மீடியம், அதாவது நிறமி சேர்க்காத அதே பிசின், கலக்க வேண்டும். கொதிக்கிற சுவரிலும் வேலை செய்யாதீர்கள். பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து கோடு கோடாக நிற்கும். நிழல் சுவரில் நகர நகர நாமும் நகர்ந்து வேலை செய்ய வேண்டியதுதான்.

படத்தைப் பெரிதாக்கக் கட்டம் போடுவது பழைய வழி; 60-க்கு 30 செ.மீ. வரைபடத்தை பத்து மடங்காக்கினால் மேற்சொன்ன சுவர் நிறைந்துவிடும். இப்போது பலர் சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கி, அதைப் படமெடுத்து, செல்போனில் அந்தக் கிறுக்கலின் மேல் வரைபடத்தைப் படியவைத்துப் பார்க்கிறார்கள். எந்தக் கிறுக்கலின் எந்த வளைவில் மூக்கு வருகிறது என்று பார்த்து வரைந்தால் போதும், அளவுகோல் வேண்டாம். சன்னலும் குழாயும் குறுக்கிடும் சுவருக்கு இதுதான் வசதி. புரொஜெக்டர் எனக்கு அவ்வளவு பிடிக்காது. இரவில்தான் வேலை நடக்கும், சற்றே சாய்ந்தாலும் படம் கோணும், சாரம் குறுக்கே நிற்கும்.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதைத் தெருவின் அகலம்தான் தீர்மானிக்கிறது. சாதாரணப் பார்வைக்கு 20 மீட்டர் தொலைவில் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் கரைந்துவிடும். சாரத்தில் உட்கார்ந்து கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக வரைகிறவர் தனக்காகத்தான் வரைகிறார். அதற்குப் பதில் வரைபடத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு படமெடுத்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அதிலும் உருவம் பிரிந்து தெரிந்தால் தெருவிலும் தெரியும். இன்னொன்று: தெருவில் யாரும் நடுவில் நின்று நேராகப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் நடந்து போகிறார்கள். மெக்சிகோ நகரத்து மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவர்களில் மெக்சிகோ சுவரோவியர் சிகெய்ரோஸின் குழுவினர் 1939-40இல் வரைந்தபோது, படியேறுகிறவரின் கண் எங்கிருந்து எங்கே நகரும் என்பதை வைத்தே உருவங்களை அமைத்தார்கள்.

வெயிலில் கிடக்கும் பழைய போஸ்டர்கள் எல்லாம் நீலமாகிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கின்றன, நீலம் தங்குகிறது. மலிவான டின்டர் (பெயின்ட்டில் நிறமேற்றக் கலக்கும் சாயக்குழம்பு) கலந்த சுவரோவியத்தில் முகங்கள் சில ஆண்டுகளில் பிணம்போல ஆவதும் இதனால்தான். டப்பாவில் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். இரும்பு ஆக்சைடுச் சிவப்பு பி.ஆர். 101, மஞ்சள் பி.ஒய். 42, தாலோ நீலம் பி.பி. 15 ஆகியவை வெயில் தாங்கும். தோல் நிறத்தை இந்த ஆக்சைடுகளிலிருந்தே கட்டலாம். ஒளிரும் இளஞ்சிவப்பை விழாப் பந்தலோடு விட்டுவிடுங்கள்.

மூடப்படுவது எப்போதும் அழிவதாகாது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருந்தது 1931இல்தான் தெரியவந்தது. சிகெய்ரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வரைந்த ‘வெப்பமண்டல அமெரிக்கா’வை அரசியல் பிடிக்காமல் வெள்ளையடித்து மறைத்தார்கள். பின்னாளில் அந்த வெள்ளை உரிந்து படம் மங்கலாக எட்டிப்பார்த்தது. பாதுகாப்பாளர்கள் அதற்குப் புது வண்ணம் ஏற்றாமல், மிஞ்சியதை நிலைநிறுத்தி 2012இல் பார்வைக்குத் திறந்தார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. மேலே வெள்ளையடித்ததும் இப்போது அந்தப் படத்தின் வரலாறு.

நம் சுவர்களுக்கு அவ்வளவு தேவைப்படாது, ஒட்டுவேலை போதும். மிச்ச பெயின்ட்டை அப்படியே எடுத்துத் தொட்டுவைத்தால் ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் சுற்றியிருப்பது வெளுத்திருக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதலில் அட்டையில் தடவிக் காயவைத்து, சுவரோடு வைத்து ஒப்பிட்டுவிட்டுக் கலவையைச் சரிசெய்யுங்கள். ஒட்டை ஒரு வண்ணப்பரப்பின் நடுவில் நிறுத்தாமல் அடுத்த கோடு வரை, ஒரு மடிப்பு வரை, ஓர் இலையின் விளிம்பு வரை கொண்டுபோய் முடியுங்கள்.