பாண்டுப்பில் கடலோரத் தட்டான்: இதுவரை

மழை ஓய்ந்த கையோடு மும்பையின் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் தட்டான்கள் தலைக்கு மேல் மொய்க்கும். அதில் முக்கால்வாசி பாண்டாலா ஃபிளேவசென்ஸ்தான். அக்டோபரில் மாலத்தீவில் கூட்டமாக வந்து இறங்குமே, அதே ஆள். அவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் எழுதிய பிறகு அதற்கு நல்ல பெயர். நான் தேடுவது அதிகம் பேசப்படாத இன்னொன்று: மேக்ரோடிப்ளாக்ஸ் கோரா. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரமாகவே இருக்கும், உப்பு கலந்த தண்ணீரிலும் முட்டையிடும்.

பறக்கும்போது இரண்டையும் பிரிப்பது எனக்கு முடிகிற காரியமில்லை, அதனால் பறப்பதைத் துரத்துவதையே விட்டுவிட்டேன். உட்காருவதைத்தான் பார்க்க வேண்டும். பாண்டாலா களைத்தால் செடித்தண்டைப் பிடித்துக் கீழ்நோக்கித் தொங்கும். கோரா அப்படியில்லை, காய்ந்த குச்சியின் நுனியில் ஏறி உட்காரும், காற்று தள்ளினால் எழும்பி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பெரும்பாலும் அதே நுனிக்கே வந்துவிடும். எனவே அலையாத்திச் செடிகள் ஓரம் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியாகப் பார்த்து, வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, நுனியில் மேனுவலாக ஃபோகஸ் வைத்துவிட்டு, ஷட்டரை 1/2000இல் போட்டுக் காத்திருக்கிறேன். கூட வரும் தாராவித் தம்பிக்கு இதில் பொறுமை கிடையாது. "பூநாரை வர இன்னும் நாள் இருக்கே அண்ணே, அதுக்காக வெறும் குச்சியையா போட்டோ எடுப்பீங்க?" என்கிறான். கேட்பதில் தப்பில்லை.

ஆனால் குச்சி ஏமாற்றவில்லை. ஒரு ஆண் வந்து உட்கார்ந்தது: முகம் சிவப்பு, வயிறும் சிவப்பு, நடுமுதுகு நெடுக வயிற்றில் கறுப்புத் திட்டுகள், பின்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில் மட்டும் தேன் நிறத்தில் ஒரு சின்னக் கறை. பெண்ணும் இளசும் மஞ்சளாக இருப்பதால் தூரத்தில் பாண்டாலா மாதிரியே தெரியும், அதற்குத்தான் அந்த உட்காரும் பழக்கம் கைகொடுக்கிறது. மஞ்சள் ஒன்றும் அகப்பட்டது, இறக்கை மங்கல், படம் சுமார்தான்.

சரி, அடுத்து தோல். இங்கேயே பெருகுகிறதா, வெளியிலிருந்து வந்து போகிறதா என்பதற்கு இளம்புழு உரித்துவிட்டுப் போன தோல் கிடைத்தால்தான் பதில். ஓடை வற்றும் நேரம் பார்த்து, சேற்றுக்கு கம்பூட்ஸ் மாட்டி, நாணல் தண்டுகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.