கடலோர வீட்டுக்குக் கோயம்புத்தூரில் ஷட்டர் மோட்டார் வாங்குகிறவர்களுக்கு

“ஏனுங்க, எத்தனை கிலோ மோட்டாருங்க வேணும்?” கோயம்புத்தூரில் ஷட்டர் மோட்டார் கேட்டுப் போனால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்; எத்தனை கிலோ ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று பொருள். அன்னூரிலோ காங்கேயத்திலோ இருக்கிற கார் செட்டுக்கு அந்தக் கேள்வியே போதும். அங்கே தூசி உண்டு, வெயில் உண்டு, காற்றில் கடல் உப்புக் கிடையாது. அதே மோட்டாரை லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினத்துக்கோ அனுப்புவதாக இருந்தால் கிலோ கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கடலோரத்தில் காயில் (மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச்சுருள்) கருகி மோட்டார் சாவது குறைவு. மோட்டாரை இயக்குகிற மின்னணு போர்டு, ஷட்டரை மேலேயும் கீழேயும் சரியான இடத்தில் நிறுத்துகிற லிமிட் சுவிட்ச், பிரேக், போல்ட், ஸ்பிரிங் என்று மோட்டாரைச் சுற்றி இருப்பவைதான் முதலில் போகும்.

ஈரம் வேறு, உப்பு ஈரம் வேறு. வால்பாறையில் மாதக்கணக்கில் மழை பெய்யும், சுவரெல்லாம் பாசி பிடிக்கும். ஆனாலும் சாதாரண கேல்வனைஸ் தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) அங்கே தாக்குப்பிடிக்கும். மழைத் தண்ணீர் பட்டது காய்ந்தால் போய்விடும். உப்பு போகாது. தகட்டின் மேல் படிந்த சோற்றுப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே தானாகக் கரைந்து நீராகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் ஒரு சொட்டு மழை இல்லாத மாசி மாதத்திலும் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர் படலம் இருந்துகொண்டே இருக்கும். துரு பிடிக்க அது போதும்.

இந்தச் சங்கதி பொருந்துகிற இடம் கொங்குநாட்டிலும் உண்டு: திருப்பூர் சாயப்பட்டறை. உப்பு மூட்டை, நீராவி, பிளீச்சிங் வாடை மூன்றும் சேர்ந்த செட்டுக்கு ஷட்டர் போடுகிறவர்கள், கீழே சொல்வதையெல்லாம் தங்களுக்கும் சேர்த்தே படிக்கலாம்.

முதலில் எந்த வகை மோட்டார் என்பது. நம் ஊரில் கையால் தூக்குகிற ஷட்டருக்குக் குழாயைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கும், அதன் நடுவில் சென்ட்ரல் மோட்டாரை மாட்டிவிடுவார்கள். செலவு குறைவு. கடலோரத்துக்கு இது ஆகாது. உப்பு படிந்த ஸ்பிரிங்கில் சின்னச் சின்னக் குழிகள் விழும், ஒவ்வொரு தரமும் முறுக்கேறும்போது அந்தக் குழியிலிருந்துதான் விரிசல் ஓடும். ஒரு ஸ்பிரிங் அறுந்தால் எடை முழுவதும் மற்றதன் மேலும் மோட்டார் மேலும் ஏறும். ஸ்பிரிங்கே இல்லாத வெறும் குழாயும், பக்கத்தில் சங்கிலி போட்டு ஓட்டுகிற சைடு மோட்டாரும்தான் அங்கே சரி. மறுபக்கம் விழுதடுப்பு பிரேக் ஒன்றும் கட்டாயம் வேண்டும். சங்கிலி அறுந்தாலோ மோட்டார் பிரேக் வழுக்கினாலோ நூறு கிலோ இரும்பு கார் மேல் இறங்காமல் பிடிப்பது அதுதான். விலைப்பட்டியலில் அதைத் தனியாகப் போட்டிருப்பார்கள், பேரம் பேசும்போது பலர் வேண்டாம் என்று அடித்துவிடுகிறார்கள்.

எடைக் கணக்கு இப்படி. 10 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் 80 சதுர அடி, அதாவது 7.4 சதுர மீட்டர். 18 கேஜ் தகடு சுமார் 1.2 மி.மீ. கனம். 1 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, ஆகவே இது 9.4 கிலோ. மொத்தம் 70 கிலோ. தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்கிற சுருட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். அடிப்பட்டையும், குழாயில் சுற்றியே நிற்கிற ஒரு அடியும் சேர்த்தால் 110 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். உராய்வுக்காக ஒன்றரை மடங்கு போட்டாலும் 165. 300 கிலோ மோட்டார் தாராளம். “கடலோரமுங்க, எதுக்கும் 600 கிலோவே போடுங்க” என்பார்கள். போட வேண்டாம். கைடு சேனல் (ஷட்டர் ஏறி இறங்குகிற பக்கவாட்டுத் தடம்) துருப்பிடித்து இறுகினால் 300 கிலோ மோட்டார் திணறி நின்றுவிடும், அப்போதே கோளாறு தெரியும். 600 கிலோ மோட்டார் நிற்காது, தகட்டை மடக்கிக்கொண்டு போகும்.

முடிந்தால் அலுமினியத் தகடு போடுங்கள். இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான், செந்துருவும் கிடையாது. எடை குறைவதால் குழாய்க்குள்ளேயே அடங்குகிற டியூபுலர் மோட்டாரும் போதும். டியூபுலர் மோட்டாரை இடைவிடாமல் சுமார் 4 நிமிடம் ஓட்டினால் சூட்டில் தானே நின்றுவிடும், ஆறினால் திரும்ப ஓடும். குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடியதில் “மோட்டார் செத்துப்போச்சு” என்று போன் வருவது பெரும்பாலும் இதனால்தான். இரும்பேதான் வேண்டும் என்றால் கேல்வனைஸ் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 120 கிராம் தகடும் 275 கிராம் தகடும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 275 என்பது இரண்டு பக்கமும் சேர்த்து, பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். 55 சதவீதம் அலுமினியம் கலந்த கேல்வல்யூம் இன்னும் நாள் தாங்கும். எதுவானாலும் வெட்டிய ஓரமும் துளை போட்ட இடமும் பூச்சில்லாத இடங்கள், பொருத்தும் முன் துத்தநாகம் அதிகமுள்ள பெயின்டை அங்கே தடவ வேண்டும்.

போல்ட் விஷயத்தில் ஏமாறுவது சுலபம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கொடுப்பது பல நேரம் 202 ரகம். காந்தம் ஒட்டாது, அதனால் அதைவிட மேலான 304 ரகம் என்றே விற்றுவிடுவார்கள். கடலோரத்தில் 304-கூட மேலே தேநீர்க் கறைபோல் பழுப்பு பூக்கும். 316 ரகத்தில்தான் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். தரமான போல்ட்டின் தலையிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும்: ஏ2 என்றால் 304, ஏ4 என்றால் 316. தலை மொட்டையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் இறுக்கும்போது ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், மரையில் ஆன்டி சீஸ் பசை தடவித்தான் முடுக்க வேண்டும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுகிற இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்து பேட்டரிபோல் வேலை செய்து, ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இனி போர்டு. பெட்டியில் ஐபி 54, ஐபி 65 என்று போட்டிருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், துருவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இறுக்கி மூடிய பெட்டிக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பகல் வெயிலில் உள்ளே காற்று விரிந்து ரப்பர் இடுக்கு வழியாக வெளியேறும். பொழுதோட குளிர்ந்ததும் உள்ளே காற்றழுத்தம் குறைந்து, அதே இடுக்கு வழியாகக் கடல் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் போர்டின் மேல் வியர்த்து நிற்கும். இப்படித் தினமும் நடந்தால் ரிலே கால்களில் பச்சை பூத்து, ஒருநாள் ஷட்டர் பாதியில் நிற்கும். அதனால் பெட்டியின் அடியில் ஈரம் வடிகிற பிரீதர் பிளக் ஒன்று வையுங்கள். வயர் நுழைவதும் அடிப்பக்கமாகத்தான் இருக்க வேண்டும். நுழையும் முன் வயரைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டி இரும்பு வேண்டாம், பாலிகார்பனேட் போதும். மோட்டார் பிராக்கெட்டிலேயே போர்டை வைக்காமல், காற்று அடிக்காத உள்சுவரில் ஐந்தடி உயரத்தில் வைப்பது எல்லாவற்றையும்விட மேல்.

போர்டில் ஈரம் படாமல் காக்கிற கன்ஃபார்மல் கோட்டிங் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வார்னிஷ் பூசியதுபோல் பளபளப்பு தெரியும். இல்லாவிட்டால் அக்ரிலிக் ஸ்பிரே கிடைக்கும்: ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, கனெக்டர், பட்டன், திருகும் பிரீசெட், மூடாத ரிலே எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்து, மெல்லியதாக இரண்டு கோட் அடித்து, ஒருநாள் காயவிட்டு, பிறகு கரண்ட் கொடுங்கள். இதனால் வாரண்டி போகுமா என்பதைக் கடையில் எழுதி வாங்கிக்கொண்டு செய்வது நல்லது.

விடுமுறைக்கு மட்டும் போகிற கடற்கரை வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு, கிளம்பும்போது மெயினை இறக்கிவிடுவது. போர்டில் இருக்கிற சின்ன டிரான்ஸ்பார்மரின் சூடுதான் பெட்டிக்குள் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஷட்டர் லைனைத் தனியாகப் பிரித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச்) ஒன்றைப் போட்டு, அதை மட்டும் ஓடவிட்டுப் போங்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் எங்கோ ஈரம் புகுந்திருக்கிறது, அதைத் தேட வேண்டும். பைபாஸ் செய்கிற எலக்ட்ரீசியனை வீட்டுக்குள் விடாதீர்கள். காவலுக்கு இருக்கிறவரிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஷட்டரை முழுக்க ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் பிரேக் தட்டு துருவில் ஒட்டிக்கொள்ளும், காயில் கருகுகிற அபூர்வக் கேஸ் அப்போதுதான் வரும்.

ஷட்டர் இல்லாமல் தள்ளு கேட் என்றால் மோட்டார் நிற்கிற கான்கிரீட் மேடையைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் (பினியன்) கேட்டில் இருக்கிற பல்பட்டைக்கும் (ரேக்) இடையில் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், கேட்டின் எடை மோட்டார் தண்டில் உட்காரக் கூடாது. ஸ்பிரிங் கம்பி லிமிட்டைவிடக் காந்த லிமிட் மேல். இரண்டு பக்கம் திறக்கிற கேட்டுக்கு மோட்டார் கை போடுவது கடலோரத்தில் மட்டுமில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசுகிற பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமும் யோசிக்க வேண்டியது. கதவு பாய்மரமாகிவிடும், கியர் பல் உதிரும்.

பராமரிப்பு என்றால் ஆயில் விடுவதுதான் என்று நினைக்கிறோம். கடலோரத்தில் கழுவுவதுதான் முதல் வேலை. மாதம் ஒருமுறை தகடு, கைடு சேனல், அடிப்பட்டை மூன்றையும் நல்ல தண்ணியில் அலசுங்கள். போர் தண்ணி உப்பாக இருந்தால் அதில் கழுவுவதும் ஒன்றுதான், கழுவாததும் ஒன்றுதான். தண்ணியில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் 500-க்குள் இருக்கட்டும். காய்ந்த பிறகு கைடில் சிலிக்கான் ஸ்பிரே, சங்கிலியில் மட்டும் லித்தியம் கிரீஸ். பழைய கருப்பு ஆயிலை எங்கேயும் ஊற்ற வேண்டாம், கடல் மணல் அதில் ஒட்டி உப்புத்தாள்போல் தேய்க்கும். கீழே ஏதாவது குறுக்கே இருந்தால் ஷட்டரை இறங்கவிடாத சென்சாரின் கண்ணாடியை மெல்லிய ஈரத் துணியால் துடையுங்கள். ஷட்டர் இறங்க மறுத்தால் முக்கால்வாசி அந்தக் கண்ணாடியில் படிந்த உப்புதான், இல்லாவிட்டால் ஒட்டடை.

லாரியில் ஏற்றும்போதே அதே மாடலில் ஒரு போர்டு, ஒரு ஜோடி லிமிட் சுவிட்ச், ஒரு கெப்பாசிட்டர் சேர்த்து வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அனுப்புங்கள். மாடல் மாறினால் போர்டு பொருந்தாது. அந்தச் சின்னச் சாமானுக்காகத் தூத்துக்குடியிலிருந்து ஆள் கோயம்புத்தூர் காந்திபுரத்துக்கு வர வேண்டியிருக்கும்.